இரண்டாம் குடத்துத் தண்ணீர்

போன ஆவணியில் எனக்கு நுரையீரலில் ரத்தம் கட்டிக்கொண்டது. பதினொரு நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், பிழைத்து வந்துவிட்டேன். விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் "நல்ல வேளை, மாலதி கூட இருந்தா" என்கிறார்கள். நான் பிழைத்த கதையில்கூட அவள் பெயர்தான் முதலில் வருகிறது. அதனால்தான் வேறு யாரும் சொல்வதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மாலதி என் ஓர்ப்படி, என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. என்னைவிட நான்கு வயது சின்னவள். எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்துக்கொண்டு இருக்கிறோம், நடுக்கூடம் மட்டும் பொது. பாகம் பிரித்தபோது வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயல் அவர்களுக்குப் போனது, வால்பகுதி எங்களுக்கு வந்தது. தண்ணீர் அவள் வயலைப் பார்த்துவிட்டுத்தான் என் வயலுக்கு வரும். நான் மஞ்சள் பூசினால் கழுத்தில் திட்டுத் திட்டாக நிற்கும், அவள் பூசினால் முகமே அப்படித்தான் பிறந்தது போல இருக்கும். இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் நோய்க்கு இடம் இருக்காது.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அவள் மகள் கயல் வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். என் மகன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். நல்ல சம்பளம்தான், ஆனால் கிரேனைப் பற்றி யாரும் உட்கார வைத்து விளக்கம் கேட்பதில்லை. கயல் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் மாலதி மனப்பாடமாகச் சொல்வாள்: "ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஒரு என்சைம் இருக்கு, அதோட உருவத்தை ஆராய்ச்சி பண்றா." கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்வாள், பஸ்ஸில் சொல்வாள். ஒரு வளைகாப்பில் நான்கு பேர் முன்னால் நான் கேட்டேன்: "நம்ம ஊர்ல யாருக்கு ரத்தம் கட்டியிருக்கு, உன் மக வந்து கரைக்கிறதுக்கு?" எல்லோரும் சிரித்தார்கள். மாலதியும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்கு ஆத்திரம்.

இனி நோய்க்கு வருகிறேன். அது ஒரு குடத்தில் தொடங்கியது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெண்ணாற்றிலிருந்து தீர்த்தக்குடம் எடுத்து வருவார்கள். நூற்றுக்கு மேல் குடம் வரும். முதல் குடம் எங்கள் வீட்டு மூத்த மருமகளுடையது. அந்த மூத்த மருமகள் நான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கும்பாபிஷேகம் நடந்தபோது, ஆற்றுக்குக் கிளம்பும் நாள் காலையில் எனக்குத் தூரம் வந்துவிட்டது. மாமனார் யோசிக்கவே இல்லை, "சின்னவ தூக்கட்டும்" என்றார். மாலதி மஞ்சள் புடவையில் முதல் குடத்தோடு வந்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பொதுக்கூடத்தில் மாட்டினார். பன்னிரண்டு வருஷமாக என் சமையலறைக்குப் போக வர அந்தப் படத்தைத் தாண்டித்தான் போகிறேன். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் படம் இருக்கிறது.

இந்த முறை விடக் கூடாது என்று முன்பே கணக்குப் போட்டேன். என் மாதவிலக்குத் தேதி சரியாகக் கும்பாபிஷேகத்தில் வந்து மோதியது. எங்கள் பக்கத்தில் சபரிமலைக்கு வீட்டில் யாராவது மாலை போட்டாலும், கல்யாணம் வைத்தாலும், பெண்கள் மருந்துக்கடையில் சொல்லி நாள் தள்ளிப்போகிற மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம். யாரும் அதை மருந்து என்றே நினைப்பதில்லை. நானும் பத்து நாளைக்கு வாங்கினேன். ஊருக்குள் வாங்கினால் மாலதிக்குத் தெரிந்துவிடும் என்று மன்னார்குடிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கினேன்.

பிறகு கோபுரத்துக்கு வர்ணம் பூசி முடியவில்லை என்று கும்பாபிஷேகத்தை எட்டு நாள் தள்ளி வைத்தார்கள். நானும் மாத்திரையை நீட்டினேன். அத்தனை நாள் அந்த மாத்திரையில் உடம்பு கட்டுப்படவில்லை, லேசாகக் கறை தெரிய ஆரம்பித்தது. என்னிடம் இன்னொரு மாத்திரை இருந்தது. போன வருஷம் மாதப்போக்கு மிக அதிகமாக இருந்தபோது லேடி டாக்டர் எழுதிக்கொடுத்த, ரத்தம் நிற்கிற மாத்திரை. அந்தப் பழைய சீட்டைக் காட்டி மூன்று அட்டை வாங்கி அதையும் சேர்த்துப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் குடம் போய்விடும்.

இடது கெண்டைக்கால் வீங்கிக் கனத்தது. நடக்கும்போது உள்ளே இழுத்துப் பிடித்தது. யாகசாலையில் நின்றுகொண்டே இருந்ததால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டேன்.

குடம் எடுக்கும் நாள் காலையிலும் லேசாகப் பட்டிருந்தது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, மூன்று துணி வைத்துக்கொண்டு, தலைக்குக் குளித்து மஞ்சள் புடவை கட்டினேன். ஆற்றங்கரையில் என் தலையில் முதல் குடத்தை வைத்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டாம் குடம் மாலதிக்கு. அந்த ஒரு மணி நேரம் நான் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? போட்டோக்காரன் எனக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தான். அவன் கேமராவுக்கு மாலதி எங்கேயோ ஒரு ஓரம்.

வடக்குத் தெரு திரும்பும்போது பின்னாலிருந்து சில்லென்று தண்ணீர் என் இடுப்புக்குக் கீழே கொட்டியது. திரும்ப முடியாது, தலையில் குடம். "பாத்து வா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். பத்தடி போவதற்குள் மறுபடி கொட்டினாள். கோயில் போய்ச் சேருவதற்குள் ஐந்தாறு முறை கொட்டினாள், புடவை முழுக்க நனைந்து காலில் ஒட்டிக்கொண்டது. வேண்டுமென்றே செய்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் படம் நன்றாக வந்துவிடக் கூடாது, அதுதான். எனக்கு அவள் மேல் பொறாமை என்று ஊர் சொல்லும். அன்றைக்கு அவளுக்கு என் மேல் பொறாமை என்று நினைத்தபோது நெஞ்சு நிறைந்து போனது.

குடத்தை இறக்கி வைத்தேன். நிமிர்ந்தபோது மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது. வாயைத் திறந்து திறந்து இழுக்கிறேன், உடம்பு தூக்கிப் போடுகிறது, கண் மேலே சொருகுகிறது. சுற்றி நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். "அம்மா வந்துட்டா! மூத்தவ மேல இறங்கிட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள். மேளத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். சாகப்போகிறேன் என்று எனக்குத் தெரிகிறது, கூடவே இத்தனை பேர் கும்பிடுகிறார்களே என்று ஒரு பெருமையும் இருக்கிறது. கூட்டத்தில் ஒருத்திதான் மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். "சாமி இல்ல, உதடு நீலமாயிருக்கு பாருங்க! காரை எடுங்க!" யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள், மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, கையில் சாயம் ஏற்றி சி.டி. ஸ்கேன். சாயம் ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவியது. ஒவ்வொரு அறை வாசலிலும் ஸ்ட்ரெச்சரில் வரிசையாகக் காத்திருந்தோம், ஈரப் புடவையோடு நான், என் தலைமாட்டில் ஈரப் புடவையோடு அவள். என் வீட்டுக்காரர் சீட்டுகளை எடுத்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சின்ன வயசு, நிதானமாகப் பேசினார். "கால்ல இருக்கிற ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சு கட்டியாயிருக்கும்மா. அது பிச்சுக்கிட்டு மேல வந்து நுரையீரலுக்குப் போற குழாயில அடைச்சிருக்கு. அதைத் தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் கஷ்டப்படுது." பிறகு கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார். "ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா? ஹார்மோன் மாத்திரை, மாதவிடாய்க்கு மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

மாலதி என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் இல்லைங்க. கால்சியம் மட்டும்" என்றேன்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டலாம், திட்டட்டும். ஆனால் அந்த இடத்தில் நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தீட்டோடு முதல் குடம் தூக்கினாள், அம்மன் அங்கேயே அடித்துப் போட்டாள் என்று ஆகிவிடும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற கும்பாபிஷேகம் என்னால் கெட்டது என்று ஆகிவிடும். அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் குடம் அவளுக்குப் போகும். உயிர் போனால் ஒரு நாள் அழுவார்கள், இது போனால் அந்தப் படம் கூடத்தில் நிரந்தரமாகிவிடும்.

வயிற்றில் நாளுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். ஊசி கட்டியைக் கரைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். டாக்டரம்மா திருத்தினார்: "இது புதுசா ரத்தம் உறையாம பாத்துக்கும், அவ்வளவுதான். இருக்கிற கட்டியைக் கரைக்கிறது உங்க உடம்புதான். நம்ம ரத்தத்துலயே அதுக்கு ஆள் இருக்கு. பொறுமையா அது வேலையைப் பாக்கும்."

ஊசி போட்டால் ரத்தப்போக்கு கூடும் என்று நர்ஸ் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நாள் தள்ளும் மாத்திரையும் தீர்ந்துவிட்டது, இனி மொத்தமாக வந்துவிடும். வந்தால் மாலதிக்குத் தெரிந்துவிடும். என் மணிபர்ஸ் தலையணைக்கு அடியில் இருந்தது. அதில் ரத்தம் நிற்கிற மாத்திரை இன்னும் இரண்டரை அட்டை. அவள் டிபன் கேரியர் கழுவப் போகும் நேரம் பார்த்து, ஒவ்வொன்றாக, மூன்று வேளையும் விழுங்கினேன். பெட்பேன் வைக்க ஆயாவை மட்டும் விட்டேன். "நீ வெளியில போ" என்று மாலதியை விரட்டினேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பாள்.

அவளோ வார்டையே வளைத்துப் போட்டுவிட்டாள். நர்ஸுகள் அவளை அக்கா என்றார்கள். எனக்கு ரசம் சாதம் கரைத்து வைத்துவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்கும் வெந்நீர் எடுத்து வருவாள். பக்கத்துப் படுக்கையில் முத்துப்பேட்டை அம்மா ஒருவர், எழுபதை நெருங்கியவர். எனக்கு வந்த அதே நோய், எனக்கு ஒரு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் அவர் மூக்கிலிருந்து ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். எழுந்து உட்கார்ந்து பொட்டுக்கடலை சாப்பிட்டார். எனக்கு அவர் மேலும் பொறாமை வந்தது. கிழவியின் ரத்தம் கரைக்கிறது, என்னுடையது கரைக்கவில்லையா? "உன் தங்கச்சியா? குடுத்து வச்சவம்மா நீ" என்று அவர் சொன்னபோது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் மறுபடி எக்கோ எடுத்தார்கள். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னேரம் கொஞ்சமாவது குறைஞ்சிருக்கணும். அப்படியே இருக்கு" என்றார். பிறகு என் வீட்டுக்காரரை அழைத்து, இப்படியே போனால் இதயம் தாங்காது, கட்டியை வேகமாகக் கரைக்கிற வேறொரு ஊசி இருக்கிறது என்றார். அது பலமான மருந்து, நூற்றில் ஒரு சிலருக்கு மூளையில் ரத்தம் கசிந்துவிடலாம், சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். முப்பது வருஷம் தாசில்தாருக்கும் வி.ஏ.ஓ.வுக்கும் அஞ்சாத மனுஷன், திரும்பி வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "போட்டுரலாமா விஜயா?" என்றார்.

"இருங்க, கயலைக் கேப்போம்" என்றாள் மாலதி.

அந்த நிலையிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் நான் சாவதா பிழைப்பதா என்பதையும் அவள் மகள்தான் சொல்ல வேண்டும். மாலதி போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தப் பக்கம் கயல், கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் கணினியில் கலர் கலராக ஏதோ சுருள்.

"பெரியம்மா, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். அந்தக் கரைக்கிற ஆளு எனக்கு மட்டும் வேலை செய்யலையாம்" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவளுக்கு அது கேள்வியாகவே விழுந்தது.

"அது பேரு பிளாஸ்மின் பெரியம்மா. சும்மா இருக்கும்போது ரத்தத்துல தூங்கிக்கிட்டே சுத்தும். இதோ பாருங்க." பின்னால் இருந்த சுருளைப் பெரிதாக்கினாள். "ஒரு நூல்ல அஞ்சு முறுக்கைக் கோத்து, கடைசியில ஒரு கத்தரிக்கோலைக் கட்டின மாதிரி இருக்கும். தூங்கும்போது எல்லாம் மடிஞ்சு சுருண்டு கத்தரியை மூடிக்கிட்டிருக்கும். அப்படி இருந்தாதான் நல்லது, இல்லேன்னா கண்ட இடத்துல வெட்டிரும். ரத்தக்கட்டிங்கிறது வலை மாதிரி. அந்த வலையில சின்னச் சின்ன நுனிங்க நீட்டிக்கிட்டு இருக்கும். முறுக்குல ஒரு குழி இருக்கு, அந்த நுனி இந்தக் குழியில சரியா போய் உக்காரும். உக்காந்ததும் சுருள் விரியும். அப்ப இன்னொரு புரதம் வந்து ஒரு இடத்துல நறுக்கிவிடும். அதோட தூக்கம் போயிரும், கத்தரி வலையை வெட்ட ஆரம்பிக்கும். இப்ப போடலாம்னு சொல்ற ஊசி இருக்கே, அது அந்த நறுக்கிவிடுற வேலையைத்தான் செய்யும்."

ஒத்துக்கொள்கிறேன், அழகாகச் சொன்னாள். என் மகன் கிரேனை இப்படிச் சொன்னதில்லை.

"நீ அதைத்தான் எழுப்பிவிடுறியா?" என்று கேட்டேன்.

"இல்ல பெரியம்மா, நான் எப்படி அடக்குறதுன்னு பாக்குறேன். சிலருக்குப் பெரிய ஆபரேஷன்ல, பிரசவத்துல ரத்தம் நிக்காது. அப்ப இந்தக் கத்தரி வெட்டிக்கிட்டே இருந்தா ஆபத்து. அதை நிறுத்த ஏற்கெனவே ஒரு மருந்து இருக்கு. ரொம்பச் சின்னது, பாக்க அந்த வலையோட நுனி மாதிரியே இருக்கும். அது போய் முறுக்குக் குழியில உக்காந்துக்கிட்டா, உண்மையான நுனிக்கு இடம் இருக்காது. எனக்கு அதைவிட நல்லா கத்தரி வாயிலேயே போய் மாட்டுற மாதிரி ஒண்ணு வேணும்."

"அது என்ன மருந்து, ஏற்கெனவே இருக்கிறது?" கேட்டது மாலதி.

"உனக்குத் தெரியும்மா. மாசப்போக்கு அதிகமா இருந்தா குடுப்பாங்களே, ரத்தம் நிக்கிற மாத்திரை, அதேதான்."

தலையணைக்கு அடியிலிருந்து மணிபர்ஸ் என் பிடரியில் உறுத்தியது. வாய்க்கால் மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் அரிவாளோடு ஆள் இறக்குவோம். என் உடம்பு இறக்கிய ஆட்களின் கையையெல்லாம் நானே, மூன்று வேளையும், தண்ணீர் குடித்துக் குடித்துக் கட்டி வைத்திருக்கிறேன். ஐந்து நாளாக.

"கயலு," என்றேன். "ஒரு பொம்பள, அந்த மாத்திரையைத் தெரியாம போட்டுக்கிட்டே இருந்தான்னு வச்சுக்க..."

போனில் அவள் முகம் அசையவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். "எந்தப் பொம்பள, பெரியம்மா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

வார்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பொறுக்க மாட்டாமல் நர்ஸ் மேசைக்குப் போய்விட்ட என் வீட்டுக்காரர் குனிந்து நின்றார். கையில் பேனா இருந்தது. எந்த இடத்தில் போட வேண்டும் என்று நர்ஸ் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது உயிர் மேல் ஆசை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை எனக்குக் குடத்தின் மேல்தான் ஆசை இருந்தது.

மணிபர்ஸை உருவி, அட்டைகளை எடுத்து மாலதி கையில் வைத்தேன். ஒன்று முழுக்கக் காலி, ஒன்றில் இரண்டே மாத்திரை, ஒன்று பிரிக்காதது. உலகத்தில் யார் கையில் கொடுக்கக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்தேனோ அந்தக் கையில்.

"குடம் தூக்குறதுக்கு முன்னாடியிலேருந்து போடுறேன். நாள் தள்ளுற மாத்திரையும் போட்டேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டைகளை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன், என் வீட்டுக்காரர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

டாக்டரம்மா வந்து கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏம்மா, அன்னைக்கே கேட்டேனே" என்றார். கத்தியிருந்தால் தேவலை. முதல் மாத்திரை கட்டி வரக் காரணமாக இருந்திருக்கலாம், இரண்டாவது அதைக் கரைய விடவில்லை என்றார். ரத்தக்கட்டி இருக்கிறவர்கள் தொடவே கூடாத மாத்திரை அது. ஒரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும், ரத்த அழுத்தம் விழாமல் இருக்கும்வரை பலமான ஊசியைப் போடாமல் நெருக்கமாகக் கவனித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள்.

அடுத்த மூன்று நாளும் என் உடம்பு பன்னிரண்டு வருஷக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்தது. மாத்திரை இல்லை, வயிற்றில் ஊசி மட்டும் உண்டு. நிற்காமல் போனது. மகப்பேறு வார்டிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்தார், ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஆயாவுக்குப் பதிலாக மாலதியே எல்லாம் செய்தாள். துணி மாற்றினாள், விரிப்பை மாற்றினாள், துடைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். இனி இவள் ஊரில் போய் என்ன சொல்வாள், யாரிடம் முதலில் சொல்வாள் என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன்.

எட்டாம் நாள் எக்கோவில் வலது பக்கத்து அழுத்தம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா முதல் முறையாகச் சிரித்தார். "கத்தரி வேலை செய்யுது போல" என்றார். கயல் சொன்னது அவருக்கும் போயிருந்தது.

அன்று மத்தியானம் மாலதி ஜன்னலோரம் என் பாவாடைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"ஊர்ல சொல்லப்போறியா?"

"எதை?"

"குடம் தூக்கின அன்னைக்கு நான் இருந்த நெலமையை."

"அது அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள், மடிப்பதை நிறுத்தாமல். "வடக்குத் தெரு திரும்பையில பின்னாடி புடவையில லேசா தெரிஞ்சுது. எனக்குப் பின்னாடி மூணாவது குடம் கோயில் தலைவர் வீட்டம்மா. அவங்க பாத்துட்டா என்ன ஆகுறது? அதான் குடத்தைச் சாச்சு ஊத்திக்கிட்டே வந்தேன். முழுக்க நனைஞ்சுட்டா கறை எது, தண்ணி எதுன்னு தெரியாதுல்ல."

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடத்தை உன்கிட்ட குடுத்துருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல" என்றாள். "போன தடவை நான் தூக்கினதுக்கு நீங்க ஆறு மாசம் என்கிட்ட பேசல. அந்தக் கூடத்துல தனியா உக்காந்து சோறு தின்ன எனக்குத்தான் தெரியும். எனக்கு அந்த முதல் குடமே வேண்டாம்க்கா."

பக்கத்துப் படுக்கை முத்துப்பேட்டை அம்மா அன்று காலைதான் வீட்டுக்குப் போயிருந்தார். நான் அழுததைப் பார்க்க வேறு யாரும் இல்லை. மாலதியும் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் நான் நன்றி சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு வந்தது நன்றி இல்லை. அவள் நிறம், அவள் தலைப்பு வயல், அவள் மகளின் படிப்பு, இதெல்லாம் போதாதென்று இந்த மனசும் இவளுக்கா வாய்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. மற்றதையாவது விதி என்று சொல்லிக்கொள்ளலாம். இது நானும் வைத்திருந்திருக்கக் கூடியது.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தோம். ரத்தம் உறையாமல் இருக்க இன்னும் சில மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். பெண்கள் யாராவது இதைப் படித்தால், நாள் தள்ளுவதற்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள். கால் வீங்கினால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். டாக்டர் கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றாலும் உண்மையைச் சொல்லுங்கள். முதல் குடம் தூக்கிய அன்றைக்கு எனக்குத் தூரம். இதோ எழுதிவிட்டேன். மாலதி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, அவள் சொல்லாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் போட்டோக்காரனிடமிருந்து படத்தை வாங்கிப் பெரிதாக்கி, பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். நான் கேட்டது அதுதானே. முன்னால் நான், தலையில் முதல் குடம், முகமெல்லாம் பல். எனக்குப் பின்னால் மாலதி, குடத்தைத் தலையிலிருந்து இடுப்புக்கு இறக்கி ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறாள். தண்ணீர் விழுவது வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, "பெரியவங்க எவ்வளவு பாந்தமா வர்றாங்க, சின்னவங்க பாருங்க, குடத்தைக்கூட ஒழுங்கா புடிக்காம தண்ணியைச் சிந்திக்கிட்டு" என்கிறார்கள். மாலதி காபி கொடுத்துக்கொண்டே, "ஆமாம், எனக்குக் கை நடுக்கம்" என்று சிரிக்கிறாள்.

பன்னிரண்டு வருஷம் அவள் படத்தைப் பார்த்து வயிறு எரிந்தேன். இப்போது என் படத்தைப் பார்த்தும் எரிகிறது. முன்னால் நிற்கிற என்னிடம் கண் நிற்பதில்லை, நேராகப் பின்னால் அந்தக் குடத்துக்குத்தான் போகிறது. அடுத்த கும்பாபிஷேகத்தில் எனக்கு எந்த மாத்திரையும் தேவைப்படாத வயசாகியிருக்கும். அன்றைக்கு முதல் குடத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டு, இரண்டாம் குடத்தை நான் பிடுங்கிக்கொள்ளப் போகிறேன். அதையாவது அவள் எனக்கு விட்டுக்கொடுக்கட்டும்.